புதுப்பிப்பு: ஒரே ஃபிலிமில் இருவர் எடுக்கும் படங்கள்

தொலைவில் வசிக்கும் நண்பர் எடுத்து அனுப்பிய 35 மி.மீ. சுருளை நான் மறுபடியும் கேமராவில் ஏற்றி அவருடைய படங்களின் மேலேயே எடுத்தபோது, இருவரின் சட்டங்களும் (ஃபிலிமில் ஒவ்வொரு படமும் விழும் கட்டங்கள்) பொருந்தாமல் 36 படங்களும் நடுவில் வெட்டுப்பட்டு வந்ததைச் சென்ற முறை எழுதியிருந்தேன்.

காரணம் எளியதுதான்: ஃபிலிமை ஏற்றிய இடம் இருவருக்கும் வேறுபட்டிருந்தது. இம்முறை அவர் பின்மூடியை மூடுமுன், சட்டத்தின் இடது விளிம்பு ஃபிலிமில் படும் இடத்தில் அழியாத பேனாவால் மெல்லிய கோடொன்று இழுத்தார். நான் அதே கோட்டை என் கேமராவின் விளிம்பில் பொருத்தி, அவரைப் போலவே இரண்டு முறை வெறுமனே நகர்த்திய பிறகே எடுக்கத் தொடங்கினேன். சுருளின் முனை உள்ளே போய்விடாதபடி, திருப்பிச் சுற்றும்போது இழுவிசை தளர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். முதல் முயற்சியில் பழக்கதோஷத்தால் அவர் முழுவதுமாகச் சுற்றிவிட்டார்.

ஐ.எஸ்.ஓ. (ஃபிலிமின் ஒளியுணர்திறன் அளவு) 400 உள்ள ஃபிலிமை இருவருமே கேமராவில் 800 என வைத்து, ஆளுக்குப் பாதி ஒளியே விழச் செய்ததால், இரண்டு பாதி ஒளியும் சேர்ந்து சரியான அளவாயிற்று. ஆனால் அவருடைய வெளிறிய வானங்கள் என் படங்களை விழுங்கிவிட்டன. அவர் எடுத்த இருண்ட சன்னலுக்குள் மட்டும், நான் எடுத்த, ஊசியில் நூல் கோக்கும் ஒரு கை, நரம்பு தெரியும் அளவுக்குத் துல்லியமாக விழுந்திருக்கிறது.

எதை எடுத்தோம் என்று சொல்லிக்கொள்வதில்லை என்ற பழைய விதியை, எனக்குச் சற்று வருத்தமே என்றாலும், தளர்த்தியிருக்கிறோம்: எந்தச் சட்டத்தில் எந்தப் பக்கம் இருள் என்பதை மட்டும் அவர் குறித்தனுப்புவார். அடுத்த சுருளை நான் முதலில் எடுக்கிறேன்.