‘நான்-ரன்னிங்’ கிராலர் டிராக்டர்: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கிராலர் டிராக்டரை, அதாவது டயருக்குப் பதிலாக இரும்புச் செயின்மேல் ஊரும் டிராக்டரைப் பட்டறைக்கு எடுத்துச்செல்வது பற்றிய கையேடு தமிழாக்கத்தில் இருக்கிறது. அதில் எடுத்துக்காட்டாக வருவது கேட்டர்பில்லர் டி2. 1938 முதல் 1957 வரை அமெரிக்காவில் தயாரான சிறிய டீசல் வண்டி, எடை சுமார் மூன்றரை டன். ‘கிராலர்’ என்பதற்குத் ‘தவழ் ஊர்தி’ என்றும் ‘நான்-ரன்னிங்’ என்பதற்கு ‘ஓடாத’ என்றும் இப்போதைக்குப் போட்டிருக்கிறோம். இரண்டுமே உறுத்துகின்றன. உங்கள் கருத்து தேவை.

—

வணக்கம்.

‘தவழ் ஊர்தி’ வேண்டாம். பொக்லைன் ஓட்டுபவர்கள் ‘செயின் வண்டி’, ‘டயர் வண்டி’ என்றுதான் பிரித்துப் பேசுகிறார்கள். ‘செயின் டிராக்டர்’ என்றால் எந்தப் பட்டறையிலும் புரியும்.

> ‘நான்-ரன்னிங்’ என்பதற்கு ‘ஓடாத’ என்றும்

சிக்கல் இங்கேதான். தமிழில் எஞ்சினும் ஓடும், வண்டியும் ஓடும். எஞ்சின் ஓடாத டி2, நியூட்ரலில் போட்டு இழுத்தால் பின்னாலேயே வந்துவிடும். செயின் சுற்றாத டி2 மண்ணைக் கிழித்துக்கொண்டுதான் வரும். 15 பாகைச் சாய்தளத்தில் மூன்றரை டன் வண்டியை ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சரிவுக்கு மட்டும் 0.9 டன் இழுவிசை வேண்டும். உருளும் வண்டியென்றால் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தடையாகச் சேர்க்க, ஒன்றேகால் டன் ஆகிறது. செயின் சுற்றாமல் பலகைமேல் சறுக்கி வரவேண்டுமென்றால், உராய்வுக் கெழு 0.6 எனக் கொண்டால் இரண்டு டன் கூடி மொத்தம் மூன்று டன் ஆகிவிடும். ‘ஓடாத’ என்பதை மட்டும் படித்துவிட்டு இரண்டு டன் விஞ்சோடு (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) போகிறவர் கயிற்றை அறுத்துக்கொள்வார். கப்பி போட்டு இரட்டையாக இழுக்க வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரிய வேண்டும்.

என் முன்மொழிவு: இழுத்தால் செயின் சுற்றுவது உருள்நிலை, சுற்றாதது பூட்டுநிலை. எஞ்சினைக் குறிக்கும் இடத்தில் ‘எஞ்சின் ஓடாத’ என்று முழுதாகவே எழுதலாம்.

—

உருள்நிலை நல்ல சொல். ஆனால் பூட்டுநிலை பாதிதான் சொல்கிறது. பூட்டு எங்கே விழுந்திருக்கிறது என்பதல்லவா கேள்வி?

இந்த வண்டியில் டிஃபரன்ஷியல் (இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் அமைப்பு) கிடையாது. கியர்பெட்டிக்குப் பின்னால் குறுக்கே ஒரே தண்டு, அதன் இரு முனையிலும் அந்தந்தப் பக்கச் செயினுக்கு விசையைக் கொடுக்கவும் துண்டிக்கவும் ஒவ்வொரு திருப்பு கிளட்ச், அதன் வெளி டிரம்மைச் சுற்றிப் பிரேக் பட்டை. இந்த கிளட்சுகள் ஸ்பிரிங் அழுத்தத்தில் எப்போதும் பிடித்தபடியே இருக்கும். லீவரை இழுத்தால்தான் விடும். வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் நின்ற வண்டியில், லீவர் துளை வழியே தண்ணீர் இறங்கித் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பட்டை டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

வலப்பக்க பிரேக் மட்டும் ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். கியர் நியூட்ரலில் இருந்தாலும், இழுத்தால் இரண்டு செயினும் நிற்கும். வலது டிரம் வலது கிளட்சைப் பிடிக்கிறது, அது தண்டைப் பிடிக்கிறது, தண்டு இடது பக்கத்தையும் பிடித்துவைக்கிறது. பார்ப்பவர் ‘ரெண்டு பக்கமும் போச்சு’ என்று முடிவுகட்டுவார். இடது லீவரை இழுத்துக் கட்டிவிட்டு மெதுவாக இழுத்துப் பார்த்தால் இடது செயின் சுற்றத் தொடங்கும். பூட்டு ஒரே இடத்தில்தான். பிரேக் மூடியைத் திறந்து, அட்ஜஸ்டரைத் தளர்த்தி, பட்டையை மரக்கட்டையால் சுற்றிலும் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். அங்கே எண்ணெய் ஊற்றக் கூடாது. லைனிங் ஊறிப்போனால் பிறகு பிரேக்கே பிடிக்காது.

ஆகவே இடத்தையும் சேர்த்துச் சொல்ல வசதியான சொல் வேண்டும்: துருப்பூட்டு. பிரேக்கில் துருப்பூட்டு, கிளட்சில் துருப்பூட்டு, செயின் மூட்டில் துருப்பூட்டு.

—

> துருப்பூட்டு

துருப்பிடித்த கதவுப்பூட்டு என்று படித்துவிட மாட்டார்களா? பட்டறையில் ‘ஜாம்’, ‘சீஸ்’ என்று இருக்கும்போது ‘இறுகல்’ போதாதா?

—

போதாது. ‘சீஸ்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு நோய்களை அடைத்துவைத்திருக்கிறோம். சூடேறிப் பிடித்த பிஸ்டனில் உலோகம் உலோகத்தோடு உரசிக் கிழிந்திருக்கும். எத்தனை நாள் ஊறவைத்தாலும் தேறாது. துருவால் பிடித்தது ஊறினாலோ, பிரேக் பட்டைபோலத் தட்டினாலோ இளகும். முதலாவதற்கு ‘இறுகல்’ இருக்கட்டும், இரண்டாவது துருப்பூட்டு. பெயரிலேயே வைத்தியம் இருக்கிறது.

கதவுப்பூட்டுக் குழப்பமும் வராது. அதை யாரும் ‘துருப்பூட்டு’ என்பதில்லை, ‘துருப்பிடித்த பூட்டு’ என்றுதான் சொல்வார்கள். தமிழில் பூட்டுவது என்றால் சாவி போடுவது மட்டுமா? ஏர் பூட்டுகிறோம், வண்டியில் மாடு பூட்டுகிறோம். இணைந்து நிற்பதும் பூட்டுதான். ஒட்டிப்போன கிளட்ச் தட்டுகள் அப்படித்தான் நிற்கின்றன.

செயின் மூட்டுக்கும் இது பொருந்தும். தரையில் நேராகக் கிடந்த மூட்டுகள் நேராகவே துருப்பூட்டு விழுந்திருக்கும். செயினைச் சுற்றும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் வளையாமல் எகிறி நிற்கும். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சம அளவு எடுத்து ஒவ்வொரு மூட்டிலும் விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிட வேண்டும். கலவை பிரிந்து நிற்கும், ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. பிறகு ஒரு சாண் முன்னால், ஒரு சாண் பின்னால் என்று இழுத்துக்கொடுக்க வேண்டும். ஒரே மூச்சில் இழுப்பதுதான் கெடுக்கும்.

கிளட்ச் இரண்டிலும் துருப்பூட்டு என்றால் வண்டி உருளும், ஆனால் திரும்பாது. அதைத் தனியாக ‘நேர் உருள்நிலை’ என்று குறிக்கலாம். டிரெய்லரைத்தான் வண்டியின் நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

—

ஏற்கிறேன். இன்னும் ஒரு மோதல் இருக்கிறது: ‘சங்கிலி’. வண்டியை டிரெய்லரோடு கட்டுவதும் சங்கிலிதான். வண்டியின் பாகத்தைச் ‘செயின்’ என்றே விட்டுவிட்டு, கட்டுவதைக் ‘கட்டுச்சங்கிலி’ என்போம். அமெரிக்க விதி 4,536 கிலோவும் அதற்கு மேலும் உள்ள செயின் வண்டிக்குக் குறைந்தது நான்கு கட்டு கேட்கிறது, ஒவ்வொன்றும் 2,268 கிலோ தாங்க வேண்டும். டி2 அந்த எடைக்கு வராது, ஆனாலும் அதே அளவில் கட்டச் சொல்வேன். கிரேடு 70 என்ற வலிமைத் தரத்தில் 3/8 அங்குலக் கட்டுச்சங்கிலி சுமார் மூன்று டன் தாங்கும். 5/16 அங்குலம் 2.1 டன்தான், போதாது.

வண்டி உருளாமல் அடியில் வைக்கும் ‘சாக்’ என்பதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம், தேருக்குப் போடும் முட்டுக்கட்டை இருக்கிறது. உருள்நிலை வண்டி சாய்தளத்தின் உச்சியைத் தாண்டியதும் சட்டென முன்னால் சாயும், பிரேக்கை நம்ப முடியாது. பின்னால் தடுப்புக் கயிறும் கையில் முட்டுக்கட்டையோடு ஆளும் இல்லாமல் ஏற்றக் கூடாது என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

—

நன்றி. முதல் பத்தியை இப்படி மாற்றிவிட்டேன்: “எஞ்சின் ஓடாத செயின் டிராக்டர் உருள்நிலையில் உள்ளதா, பூட்டுநிலையில் உள்ளதா என்று முதலில் பார்க்கவும். பூட்டுநிலை எனில், துருப்பூட்டு பிரேக்கிலா, செயின் மூட்டிலா, கூடவே கிளட்சிலும் உண்டா என்று கண்டறிந்த பிறகே விஞ்சைத் தேர்ந்தெடுக்கவும்.”