சாயல்குடிக் கரையின் உவர்நிலத்திற்கு ஏற்ற இறைச்சி ஆடு எது?

சாயல்குடி மானாவாரி:
எங்கள் நிலம் கடலை ஒட்டியது. ஐப்பசி மழைக்குப் பிறகு தை வரை புல் இருக்கும்; பங்குனி தொடங்கிப் புரட்டாசி முடிய உடை மரமும் சீமைக் கருவேல நெற்றும்தான் மேய்ச்சல். கிணற்று நீர் கரிக்கிறது. இறைச்சிக்காக ஐம்பது பெட்டைகளுடன் தொடங்க எண்ணியுள்ளேன். போயர் கலப்பு வாங்குமாறு வியாபாரி ஒருவர் வற்புறுத்துகிறார். உங்கள் கருத்து என்ன?

கீழக்கரை வளர்ப்பாளர்:
வியாபாரி சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். போயர் தென்னாப்பிரிக்காவின் வறண்ட பகுதியில் இறைச்சிக்காகவே தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்ட வெள்ளாடு. தீவனம் குறையாமல் கொடுத்தால் அதன் கலப்புக் குட்டிகள் நாட்டுக் குட்டிகளைவிட விரைவாக எடை கூடும். கோ.எப்.எஸ்.29 என்னும் தீவனச் சோளமும் வேலிமசால் என்னும் தீவனப் பயிரும் பயிரிட்டுக் கொட்டிலில் வளர்த்தால், மேய்ச்சல் எப்படி இருந்தாலும் கவலையில்லை.

திருப்புல்லாணி கிடைக்காரர்:
ஐயா, தீவனம் குறையாமல் கொடுத்தால் என்று நீங்கள் சொல்லும் இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. கேட்டவரிடம் கரிக்கும் கிணறு ஒன்றுதான் இருக்கிறது; அதை நம்பி வேலிமசாலை ஆண்டு முழுவதும் பசுமையாக வைத்திருக்க முடியாது. வறட்சியைத் தாங்கும் ஆடு என்பதால் மட்டும் நம் கரைக்குப் பொருந்திவிடாது. இங்கே ஆடு கோடையில் நெடுந்தூரம் நடந்து மேய வேண்டும், உவர்நீரைக் குடிக்க வேண்டும், பிறகு சில வாரங்களிலேயே ஈரத்தில் நின்று குடற்புழுவையும் கால் அழுகலையும் தாங்க வேண்டும். இவற்றை எல்லாம் இந்த மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வந்தது இராமநாதபுரம் வெள்ளைச் செம்மறி. வளர்ந்த கிடா ஏறத்தாழ 31 கிலோவும் பெட்டை 23 கிலோவும் இருக்கும். எடை குறைவு என்பார்கள். மானாவாரி நிலத்தில் அந்தச் சிறிய உடம்பையே நான் பெரிய வசதியாகக் கருதுகிறேன், ஏனெனில் பஞ்ச காலத்தில் தாயாடு முதலில் தன் உடம்பைக் காக்கவே தின்கிறது, மிஞ்சியதுதான் பாலாகிக் குட்டிக்குச் சேர்கிறது. அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டால் எருவுக்கும் வருமானம் உண்டு; கொட்டில் ஆட்டை வைத்து அதைச் செய்ய இயலாது.

கமுதி வாசகர்:
செம்மறிதான் என்றால் வேம்பூர் ஆட்டை ஏன் விட்டுவிட்டீர்கள்? கிடா 35 கிலோ, பெட்டை 28 கிலோ. கால் உயரம், நடைக்குச் சளைக்காது. பக்ரீத் சந்தையில் உயரமும் கொம்பும் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள்.

திருப்புல்லாணி கிடைக்காரர்:
நல்ல ஆடுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேம்பூர், நாகலாபுரம் பக்கம் கரிசல். சோளத்தட்டையும் அறுவடைக்குப் பிந்தைய தாளும் அங்கே கிடைக்கும். கடற்கரை மணலில் அது இல்லை. ஐந்து வேம்பூர்ப் பெட்டைகளின் எடை 140 கிலோ, ஆறு வெள்ளைப் பெட்டைகளின் எடை 138 கிலோ. ஏறத்தாழ ஒரே மேய்ச்சலில் ஒரு தாய் கூடுதலாகிறது, ஒரு குட்டியும் கூடுகிறது.

கமுதி வாசகர்:
குட்டியின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறீர்கள். பெரிய தாயின் குட்டி விற்கும்போது எடை கூடுதலாகவே நிற்கும்.

கடலாடி வெள்ளாட்டுக்காரர்:
இருவரும் செம்மறியிலேயே நிற்கிறீர்கள். புல் இல்லாத ஏழு மாதங்களில் அங்கே இருப்பது தழையும் நெற்றும் என்று கேட்டவரே எழுதியிருக்கிறார். அண்ணாந்து தழை கடிக்கும் கொடி ஆடு என்னும் நாட்டு வெள்ளாட்டுக்குத்தான் அது உணவு. வெள்ளையில் கருந்திட்டு உள்ள கரும்போரை ஆனாலும் செந்திட்டு உள்ள செம்போரை ஆனாலும் நெடிய காலும் மெலிந்த உடம்பும் கொண்ட இந்த இனம் தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கே உரியது. செம்மறி பெரும்பாலும் ஒற்றைக் குட்டி போடும். வெள்ளாட்டில் இரட்டைக் குட்டி அதிகம். நீலநாக்கு நோயும் செம்மறியை வாட்டும் அளவுக்கு வெள்ளாட்டை வாட்டுவதில்லை.

திருப்புல்லாணி கிடைக்காரர்:
நீலநாக்கு பற்றி நீங்கள் சொல்வது உண்மை. அதற்குத் தடுப்பூசி உண்டு, மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய் இரண்டையும் விடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உடை மரம் மிகுந்த நிலம் என்றால் மந்தையில் ஒரு பங்கு கொடி ஆடாக இருப்பதை நானும் ஏற்கிறேன். கருவேல நெற்று மட்டும் இரண்டுக்கும் அளவோடு இருக்க வேண்டும்; தின்ற விதை புழுக்கையில் விழுந்து, எஞ்சிய புல்வெளியையும் முள்காடாக்கிவிடும்.

கீழக்கரை வளர்ப்பாளர்:
கிடாக்குட்டிகளைப் பக்ரீத்துக்கு முன் மூன்று மாதம் கட்டி வைத்துத் தீனி கொடுத்து விற்பவருக்குக் கலப்பினம் இப்போதும் இலாபம்தான் என்பது என் உறுதியான கருத்து. தாய் மந்தை மேய்ச்சலை நம்பியே இருக்கும் என்றால் நாட்டு இனம் இருக்கட்டும்.

சாயல்குடி மானாவாரி:
அப்படியானால் பெரும்பகுதி வெள்ளைச் செம்மறி, சிறுபகுதி கொடி ஆடு. தை மாதச் சந்தையில் வாங்கலாமா?

திருப்புல்லாணி கிடைக்காரர்:
தையில் வாங்காதீர்கள், மழைப்புல் தின்ற எந்த ஆடும் அப்போது கொழுத்துத்தான் தெரியும். ஆவணியில், உங்கள் நிலத்தைப் போன்ற கடலோர மேய்ச்சலில் உள்ள மந்தைக்கே நேரில் சென்று பாருங்கள். குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டும் முதுகெலும்பு துருத்தாமல் நிற்கும் பெட்டைகளைத் தேர்ந்தெடுங்கள். கிடாவை வேறொரு மந்தையிலிருந்து வாங்கி, அதன் மகள்கள் சினைப் பருவத்தை எட்டுவதற்குள் மாற்றிவிடுங்கள்.