மார்கழி வாடையில குச்சவெளி ஓட்டம்: விடுறதா, ஓடுறதா?

மூன்றாம்கட்டை:
வாற ஞாயிறு எங்கட சைக்கிள் கழகத்தின்ர பகல் ஓட்டம், 14 பேர். திருகோணமலை டவுணில காலமை 6 மணிக்கு வெளிக்கிட்டு உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம், குச்சவெளி. அதே றோட்டால திரும்பல், போய்வர கிட்டத்தட்ட 70 கிலோமீற்றர். வடகிழக்குக் காத்தும் இடைக்கிடை மழையும் எண்டு வானிலை அறிக்கை. நாலு பேர் கூட்டமா ஓடிப் பழக்கமில்லாதவை. ரெண்டு பேரிட்ட கம்பி பிறேக் போட்ட பழைய றலி சைக்கிள். என்ன செய்யலாம்?

வாடைக்காரன்:
மழைக்காக விடத் தேவையில்லை. காத்தைப் பார்த்து முடிவெடுங்கோ.

வடக்க போகேக்க வாடை வலப்பக்க முன்னால, கடலுக்குள்ள இருந்து வரும். அதால முன் ஆளின்ர நேர் பின்னால ஒதுக்கு இல்லை, இடப்பக்கம் சரிஞ்சு பின்னாலதான் இருக்கு. முன் ஆள் தார் விளிம்போட ஒட்டி ஓடினா பின்னால வாறவர் மணலுக்க இறங்கவேணும். விளிம்பில இருந்து ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் கூட விட்டு ஓடுங்கோ. அந்த இடைவெளிக்குள்ள ரெண்டு, மூண்டு பேருக்குத்தான் மறைப்பு. ஆனபடியா 14 பேர் ஒரே வாலா வேண்டாம். 4, 4, 3, 3 எண்டு பிரிச்சு, நடுவில பஸ் ஒண்டு தாராளமா நுழைய இடம் விடுங்கோ. புதுசா வாற நாலு பேரும் குழுவுக்கு ஒராளா, ரெண்டாம் இடத்தில. கடைசி ஆளுக்குத்தான் காத்து முழுக்க விழும், அங்க விடாதேங்கோ.

கவனிக்கவேண்டிய இடம் பஸ் முந்துற நேரம். காத்துக்கு எதிரா வலப்பக்கம் சரிஞ்சபடி ஓடுவம். பஸ் வந்து காத்தை மறைச்ச உடன சைக்கிள் தானா பஸ் பக்கம் இழுபடும். பஸ் போனதும் காத்து திரும்ப வந்து இடப்பக்கம் தள்ளும். ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்கிறவைதான் கூட ஆடுவினம். முழங்கையை மடக்கித் தளர்வா வைச்சுக்கொள்ளச் சொல்லுங்கோ.

திரும்பிறதை ஊரை வைச்சு முடிவெடுக்காமல் மணியை வைச்சு எடுங்கோ. 8.30க்கு எங்க நிண்டாலும் திரும்பல். போற வழியில எதிர்க்காத்து, அதால வாற வழி எப்பிடியும் குறைய நேரம்தான் எடுக்கும். ஆனா அப்ப காத்து இடப்பக்கப் பின்னால இருந்து நடு றோட்டுக்குத் தள்ளும். சோடியா ஓடுறதை அங்க நிப்பாட்டுங்கோ.

சில்லுப்பெட்டி:
றலி ரெண்டும் எனக்குப் பயமா இருக்கு. குரோம் பூசின இரும்பு ரிம்மில தண்ணி பட்டா பிறேக் பிடிக்காது. பிறேக் கட்டை புதுசா இருந்தாலும் அதே கதைதான். அலுமினிய ரிம்முக்கே முதல் ஒண்டு ரெண்டு சுத்து தண்ணியைத் துடைக்கத்தான் போகும். அதால சந்திக்கு நல்ல முன்னமே மெல்லத் தொட்டுத் துடைச்சு, பிறகு அமத்தவேணும். றலிக்காரரைக் கடைசிக் குழுவின்ர பின்னால நல்லா இடைவெளி விட்டு வரச் சொல்லுங்கோ, அப்ப முன்னால போறவையை இடிக்கமாட்டினம். காத்துத்தான் படும், அது பரவாயில்லை.

ரயர் 28 மில்லிமீற்றர் அகலம் எண்டா 70 கிலோ ஆளுக்கு 80 பிஎஸ்ஐ காத்து அடிக்கிற இடத்தில ஈர றோட்டுக்கு 65, 70 போதும். ஈரத்தில கண்ணாடித் துண்டும் உடைமுள்ளும் ரப்பருக்க லேசா ஏறும். அதால ஆளுக்கு ரெண்டு ரியூப் கொண்டு போங்கோ. மழைக்க ஒட்டுப்போட நிக்காதேங்கோ, சொலூஷன் ஈர ரப்பரில பிடிக்காது. ரியூபை மாத்த முன்னம் ரயரின்ர உட்பக்கத்தைத் துணியால சுத்தித் துடையுங்கோ. துணி எங்க இழுபடுதோ அங்க முள். அதை எடுக்காமல் புது ரியூப் போட்டா அரை மணித்தியாலத்தில திரும்பவும் காத்து இறங்கும்.

பின் மட்காட் இல்லாத சைக்கிள் குழுவின்ர கடைசியில போகட்டும். இல்லாட்டிப் பின்னால வாறவரின்ர வாய்க்குள்ள முழுச் சேறும்.

மூன்றாம்கட்டை:
நன்றி. இடி வந்தா?

வாடைக்காரன்:
மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில எண்ணுங்கோ. 30 செக்கனுக்குக் குறைஞ்சா ஓட்டம் நிண்டுது. கல்வீடு, கடை, நிக்கிற பஸ் எதுவும் சரி, பனைக்குக் கீழ மட்டும் வேண்டாம். கடைசி முழக்கத்துக்குப் பிறகு 30 நிமிசம் பொறுக்கவேணும். மழை விட்டதெண்டு உடன வெளிக்கிடக்கூடாது.

றோட்டுக்குக் குறுக்க தண்ணி ஓடினா இறங்கித் தள்ளுங்கோ. கரண்டைக்கு மேல எண்டா திரும்புங்கோ, கீழ தார் இருக்கோ எண்டு மேல நிண்டு தெரியாது.

காலமையே காத்துக் கடுமை எண்டா பாதையை மாத்துங்கோ. அநுராதபுரம் றோட்டால கன்னியா, ஏலுமெண்டாப் பன்குளம். கடற்காத்து அவ்வளவு படாது. பன்குளம் பக்கம் யானை வரும், பின்னேரத்துக்கு நிக்காதேங்கோ.

சில்லுப்பெட்டி:
ஒண்டு விட்டுப்போச்சு. வீட்ட வந்த உடன நல்ல தண்ணியால கழுவுங்கோ, அண்டைக்கே. கடற்கரை றோட்டில மழையோட உப்பும் சேர்ந்துதான் வரும், விடியச் செயின் சிவந்துபோய் நிக்கும். செயினைத் துடைச்சுக் காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு ஒயில். பிறேக் கட்டையில குத்தின மணலையும் அலுமினியத் துகளையும் ஊசியால கிண்டி எடுங்கோ, இல்லாட்டி அடுத்த ஓட்டத்தில ரிம்மைக் கீறும்.