சான்றிதழ் யார் பெயரில்? பெரிய நிறுவனங்களோடு நம் அனுபவங்கள்

ஒரு பெரிய நிறுவனத்துக்கு ஆர்கானிக் விளைபொருள் கொடுத்துவந்த விவசாயிகள் குழுவில் உள் ஆய்வாளராக இருந்தேன். பண்ணைக் குறிப்பேட்டைச் சரிபார்ப்பது, பக்கத்து நிலத்தில் அடிக்கும் மருந்து இந்தப் பக்கம் வராமல் வரப்போரம் தடுப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, இதுதான் வேலை. ரசாயனத்தை நிறுத்தியதும் விளைச்சல் இறங்கும். நிலத்தை ஆர்கானிக் என்று ஏற்கும்வரையான மாறுதல் காலம் முடியாமல் ஆர்கானிக் விலையும் கிடைக்காது. அமெரிக்க விதிப்படி அது 36 மாதம். அந்தச் சுமை முழுவதையும் தாங்கியவர்கள் விவசாயிகள்தான்.

விளைபொருள் ஆர்கானிக்தான் என்று காட்டும் சான்றிதழோ நிறுவனத்தின் பெயரில். கட்டணத்தை அவர்கள் கட்டியதால் யாரும் அதைக் கேட்கவில்லை. ஒரு பருவத்தில், "இந்த முறை பாதிதான் எடுப்போம்" என்று கைவிரித்துவிட்டார்கள். மீதியை வேறொரு வியாபாரியிடம் கொண்டுபோனோம். கையில் அள்ளிப் பார்த்தார், முகர்ந்தார், திருப்திதான். அடுத்து சான்றிதழைக் கேட்டார். காட்ட எங்களிடம் ஒரு தாளும் இல்லை. மற்ற சரக்கோடு சேர்த்து அதே விலைக்குப் போட்டுவிட்டு வந்தோம். அன்றைக்கு அந்த விவசாயிகள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஆர்கானிக் பொருட்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 விதிமுறை இந்த இடத்தில்தான் கை வைத்திருக்கிறது. விவசாயிகள் பலருக்கும் சேர்த்து ஒரே குழுச் சான்றிதழ் வேண்டுமென்றால், உறுப்பினர்களான விவசாயிகளைக் கொண்டு தனிச் சட்ட அமைப்பாகவே குழு இருக்க வேண்டும். 2000 பேருக்கு மேல் கூடாது. கணக்கு வழக்கு, அலுவலகச் செலவு எல்லாம் விவசாயிகள் தலையில் வரும், சுலபமில்லை. ஆனாலும் நான் இதை வரவேற்கிறேன்.

*

மேலே எழுதிய நண்பருக்கு: நான் எதிர்ப்பக்கத்தில், இதே மாதிரி ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் இருந்தவன். அங்கே யாருக்கும் விவசாயி மேல் கோபம் கிடையாது. வண்டி நிறையாத பாதை எது என்று மாதாமாதம் பட்டியல் வரும். சின்னப் பண்ணைகள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

2021இல் அமெரிக்காவில் நடந்ததைப் படித்தபோது அந்தப் பட்டியல்தான் நினைவுக்கு வந்தது. அப்போது டனோன் என்ற பிரெஞ்சு உணவு நிறுவனத்தின் கையில் இருந்த ஹொரைசன் ஆர்கானிக் என்ற பால் நிறுவனம், வடகிழக்கு மாநிலங்களில் 89 பால் பண்ணைகளின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று அறிவித்தது. எல்லாம் சான்றிதழ் உள்ள பண்ணைகள். பாலில் குறை இல்லை. சின்னப் பண்ணை, தூரம், போக்குவரத்துச் செலவு, அவ்வளவுதான். எதிர்ப்பு கிளம்பிய பிறகு கெடுவை 2023 வரை தள்ளிவைத்தார்கள். அவர்களில் பலரைச் சேர்த்துக்கொண்டது ஆர்கானிக் வேலி என்ற விவசாயிகள் கூட்டுறவு.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பெரிய நிறுவனம் வாங்குகிறது என்ற நம்பிக்கையில்தான் எத்தனையோ பேர் ரசாயனத்தை விட்டார்கள். அந்த நிலமெல்லாம் விஷமில்லாமல் இருப்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம். அந்த நம்பிக்கைக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரிகூடப் பாதுகாப்பு இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

*

இரண்டு பேருக்கும் நன்றி. எங்கள் குழு ஒப்பந்தத்தில் "நிறுவனத்தின் தேவைக்கேற்ப" என்ற சொல்லை அடிக்கச் சொல்லி, குறைந்தபட்சக் கொள்முதல் அளவை எண்ணால் எழுதி வாங்கினோம். நிறுத்துவதென்றால் ஒரு முழுப் பருவம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் சேர்த்தோம். விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள், ஒத்துக்கொண்டோம். சான்றிதழை எங்கள் பெயருக்கு மாற்றும் பேச்சு இன்னும் இழுபறிதான். அதை முடித்த குழு யாராவது இருந்தால், கட்டணத்தை எப்படிப் பங்கு போட்டீர்கள் என்று எழுதுங்கள்.