கயாக்கை எங்கே இறக்குவது? கனெக்டிகட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி: அண்ணா, எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஹார்ட்ஃபோர்டில் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. துடுப்பால் ஓட்டும் சிறு படகான கயாக் ஒன்றை வாங்கிக் கடலில் மீன் பிடிக்க ஆசை. கடற்கரைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் போன தெருவிலெல்லாம் ‘உள்ளூர்வாசிகளுக்கு மட்டும்’ என்ற பலகைதான் நிற்கிறது. இங்கே கடலே தனியாருக்குச் சொந்தமா?

பதில்: தம்பி, கடல் யாருக்கும் சொந்தமில்லை. அதற்குப் போகிற வழிதான் சொந்தம். கனெக்டிகட் சட்டப்படி சராசரி உயர் ஓதக் கோட்டுக்கு (கடல் ஏற்றம் சராசரியாக வந்து எட்டும் எல்லைக்கு) கீழே இருக்கும் நிலமும் நீரும் பொதுமக்களுக்கானவை. மாநில அரசு அவற்றைப் பொதுச் சொத்தாகக் காத்துவருகிறது. அந்த ஈர மணலில் நீங்கள் நடக்கலாம், தூண்டில் போடலாம். கயாக்கை இழுத்துவைத்துவிட்டுக் காலை நீட்டி உட்காரலாம். கோட்டுக்கு மேலே இருக்கும் உலர்ந்த மணலில்தான் சிக்கல். அதில் பெரும்பகுதி வீட்டுக்காரர்களுக்கோ, தனியார் சங்கங்களுக்கோ, ஊராட்சிக்கோ சொந்தம்.

ஊராட்சிக்குச் சொந்தமான இடங்களுக்கு ஒரு கதை உண்டு. 1994இல் கிரீனிச் ஊரின் கடற்கரைப் பூங்காவான கிரீனிச் பாயின்ட்டில் ஓடப் போன பிரெண்டன் லேடன் என்ற சட்ட மாணவரை, அந்த ஊர்க்காரர் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அவர் வழக்குப் போட்டார். 2001இல் மாநில உச்ச நீதிமன்றம், ஊராட்சிப் பூங்காவிலிருந்து வெளியூர்க்காரரை ஒட்டுமொத்தமாகத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. வேடிக்கை என்னவென்றால், தீர்ப்பு கடல் உரிமையை வைத்து வரவில்லை. பேச்சுரிமையை வைத்து வந்தது. பூங்கா என்பது மக்கள் கூடிப் பேசும் பொது இடம் என்ற வாதம்தான் வென்றது.

அதற்குப் பிறகு ஊர்கள் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஆளைத் தடுக்க முடியாதா, காரைத் தடுக்கலாம். வெளியூர் வண்டிக்கு நாள் கட்டணத்தை உயர்த்தினார்கள், ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பு வைத்தார்கள், கரையை ஒட்டிய தெருக்களில் ‘பார்க்கிங் இல்லை’ பலகை நட்டார்கள். நீச்சலுக்கு வருபவர் அரை மைல் தள்ளி நிறுத்திவிட்டுத் துண்டோடு நடந்து வந்துவிடுவார். கயாக்காரர் என்ன செய்வார்? மிதியால் ஓட்டும் மீன்பிடி கயாக் 40 கிலோவுக்கு மேல். அதனோடு தூண்டில்கள், ஐஸ் பெட்டி, துடுப்பு. கரைக்கு ஐம்பது அடிக்குள் வண்டி நிற்க வேண்டும், நாள் முழுக்க நிற்கவும் வேண்டும். அதனால் மீன் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு முன்னால் கார் எங்கே நிற்கும் என்று தேடுங்கள். என் கணக்கில் இந்த ஊர்க் கயாக் மீன்பிடிப்பில் பாதி அதுதான்.

நல்ல செய்தி, மாநில அரசின் படகுத்துறைகள். பலகையில் ‘ஸ்டேட் போட் லாஞ்ச்’ என்று இருந்தால் உள்ளூர்வாசி, வெளியூர்வாசி என்ற பேச்சே கிடையாது. ஹார்ட்ஃபோர்டிலிருந்து தெற்கே இறங்கினால் ஓல்ட் சேபுரூக்கில் ஐ-95 நெடுஞ்சாலைப் பாலத்தடியில் பால்ட்வின் பிரிட்ஜ் துறை. எதிர்க்கரை ஓல்ட் லைமில் கிரேட் ஐலண்ட் துறை. முதல்முறை இறங்குபவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கனெக்டிகட் ஆறு கடலில் கலக்கும் இடத்துச் சதுப்பு நிலம் அது. காற்றுக்கு ஒதுக்கம் உண்டு, கோடையில் மீன்பிடிக் கழுகுகளும் உங்களுக்குப் போட்டிக்கு வரும். கிழக்கே போனால் வாட்டர்ஃபோர்டில் நயான்டிக் ஆற்றுத் துறை, ஸ்டோனிங்டனில் பார்ன் ஐலண்ட். குரோட்டனில் இருக்கும் ப்ளஃப் பாயின்ட் மாநிலப் பூங்காவிலும் கயாக் இறக்கலாம்.

பூங்காக்களில் ஒரு வில்லங்கம் உண்டு. பெரும்பாலானவை காலை எட்டு மணிக்குத்தான் திறக்கும், சூரியன் மறைந்தால் மூடிவிடும். கோடையில் ஸ்டிரைப்டு பாஸ் மீன் கடிப்பதோ விடியலிலும் அந்திக்குப் பிறகும். ஆகவே விடியலுக்குப் படகுத்துறை, குடும்பத்தோடு போகும் பகலுக்குப் பூங்கா என்று பிரித்துக்கொள்ளுங்கள். துறையிலும் நேரம், கட்டணம் பற்றிய பலகையை ஒருமுறை படித்துவிடுங்கள்.

வேறு மாநிலத்திலிருந்து காரோடு வந்திருந்தால் நம்பர் பிளேட்டைச் சீக்கிரம் மாற்றுங்கள். 2018 முதல் கனெக்டிகட்டில் பதிவான வண்டிகளுக்கு மாநிலப் பூங்காக்களில் நிறுத்தக் கட்டணம் இல்லை. அந்தப் பணத்தை வண்டிப் பதிவோடு சேர்த்து ஏற்கெனவே வாங்கிவிடுகிறார்கள். வெளிமாநில பிளேட் என்றால் ஹாமொனாசெட், ராக்கி நெக் போன்ற கடற்கரைப் பூங்காக்களில் கோடைக் கட்டணம் கட்டித்தான் உள்ளே போக வேண்டும்.

துறையில் கயாக்காரர்கள் மேல் விசைப்படகுக்காரர்களுக்கு ஒரு குறை எப்போதும் உண்டு, அது நியாயமான குறையும்கூட. படகை நீரில் இறக்கும் சரிவின் நடுவில் கயாக்கைப் போட்டுக்கொண்டு, தூண்டிலுக்கு முடிச்சுப் போட்டு, காபி குடித்து, படமெடுத்து இருபது நிமிடம் ஓட்டாதீர்கள். எல்லாவற்றையும் கார் நிறுத்தும் இடத்திலேயே கட்டி முடித்துவிட்டுச் சரிவுக்கு வந்தால் இரண்டு நிமிடத்தில் நீரில் இருக்கலாம். டிரெய்லர் வண்டிக்கான நீளமான இடத்தில் சாதாரணக் காரை நிறுத்தினால் திரும்பி வரும்போது கண்ணாடியில் அபராதச் சீட்டு இருக்கும்.

கேள்வி: அப்படியென்றால் தனியார் வீட்டு முன்னால் ஈர மணலில் ஒதுங்கும்போது யாராவது சத்தம் போட்டால், சட்டத்தை எடுத்துச் சொல்லலாமா?

பதில்: ஒருமுறை பணிவாகச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் கயாக்கைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். முதல் காரணம், அந்தச் சராசரிக் கோடு மணலில் வரையப்பட்டிருப்பதில்லை. நீங்கள் சரியான பக்கத்தில்தான் நின்றீர்கள் என்று அங்கேயே நிரூபிக்க முடியாது. மேற்கே ஸ்டாம்ஃபோர்டு, பிரிட்ஜ்போர்ட் பக்கம் கடல் ஏழு அடி ஏறி இறங்கும். கிழக்கே நியூ லண்டனில் மூன்று அடிகூட இல்லை. ஆகவே மேற்கில் வற்றத்தில் அகலமாகக் கிடந்த ஈர மணல், ஏற்றத்தில் சுவர்வரை காணாமல் போய்விடும். நீங்கள் நின்ற பொது இடம் ஆறு மணி நேரத்தில் தண்ணீருக்கடியில் இருக்கும்.

இரண்டாவது காரணம் நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் உரியது. அமெரிக்க விசா விண்ணப்பத்தில், நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. வழக்கு தள்ளுபடியானாலும் ‘ஆம்’ என்றுதான் எழுதியாக வேண்டும், காகிதங்களோடு விளக்கியாக வேண்டும். இந்த நாட்டுக் குடிமகனுக்கு அத்துமீறல் வழக்கு ஒரு தலைவலி. வேலை விசாவில் இருப்பவருக்கு, அடுத்த முறை ஊருக்குப் போய்த் திரும்புவதே கேள்வியாகிவிடும். உரிமைப் போராட்டத்தை லேடன் போன்றவர்கள் நடத்தட்டும். நாம் மாநிலத் துறையில் இறங்கி, மாநிலத் துறையிலேயே ஏறுவோம்.

கேள்வி: பக்கத்து மாநிலங்கள் எப்படி?

பதில்: ரோட் ஐலண்ட் எனக்குப் பிடித்த மாநிலம். மீன் பிடிப்பது, கடற்பாசி சேர்ப்பது, நீந்த இறங்குவது, கரையோரம் நடப்பது, இந்த நான்கையும் மக்களின் உரிமை என்று அவர்களுடைய அரசமைப்புச் சட்டமே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. அப்படி இருந்தும் 2019இல் சவுத் கிங்ஸ்டவுன் கரையில் பாசி பொறுக்கிய ஒருவரைப் போலீஸ் கைது செய்தது. பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். இந்தக் குழப்பத்துக்குக் காரணம் பழைய எல்லைக் கோடுதான். 1982 தீர்ப்பு ஒன்றின்படி 18.6 ஆண்டுகளின் ஓதங்களைச் சராசரி பார்த்துத்தான் எல்லையைக் கணிக்க வேண்டும். நில அளவையாளர் கருவியோடு வந்தால்தான் அது தெரியும். 2023இல் புதுச் சட்டம் வந்தது. கடைசி ஏற்றம் ஒதுக்கிவிட்டுப் போன பாசி வரிசை கண்ணுக்குத் தெரிகிறதல்லவா, அதிலிருந்து நிலப் பக்கமாகப் பத்து அடி வரை மக்கள் நடக்கலாம். கண்ணால் பார்க்கக்கூடிய எல்லை. மற்ற மாநிலங்கள் பார்த்துக் கற்க வேண்டியது. கரைக்கு இறங்க இருநூறுக்கு மேற்பட்ட பொதுவழிகளையும் அறிவித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பல வழிகளின் தொடக்கத்தில் கார் நிறுத்த இடமில்லை. நீங்கள் எங்கே போனாலும் கதை அங்கேதான் வந்து நிற்கும்.

மாசசூசெட்ஸ் நேர் எதிர். 1640களில் போட்ட காலனிக் காலச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அங்கே தனியார் நிலம் தாழ் ஓதக் கோடு வரை இறங்கிவிடும். மக்களுக்கு விட்டுவைத்தது மூன்று: மீன்பிடித்தல், பறவை வேட்டை, படகோட்டம். ஆகவே அங்கே ஈர மணலில் சும்மா உலாவுபவருக்கு உரிமையில்லை, தூண்டிலோடு வருபவருக்கு உண்டு! அந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் ஒருவர் வீட்டு முற்றத்தைக் கடந்துபோய் அந்த மணலை அடையும் உரிமை அதில் அடங்காது. நீர்வழியாகவோ பொதுவழியாகவோதான் வர வேண்டும்.

16 வயது நிறைந்தவர்களுக்குக் கடல் மீன்பிடி உரிமம் வேண்டும். கனெக்டிகட்வாசியாக நீங்கள் எடுக்கும் கடல் உரிமம் இந்த இரண்டு மாநில நீரிலும் செல்லும். அளவும் எண்ணிக்கையும் மட்டும் எந்த நீரில் பிடிக்கிறீர்களோ அந்த மாநில விதிப்படி.

இன்னொருவர்: தம்பி கோடை வரை பொறுப்பாரா என்று தெரியவில்லை. ஏப்ரலில் வெயில் அடித்தாலும் நீர் 10 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்காது. விழுந்தால் சில நிமிடங்களில் கை விரல் மடங்காது. அக்டோபர் 1 முதல் மே 31 வரை கயாக்கில் லைஃப் ஜாக்கெட் அணிந்தே இருக்க வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். மற்ற மாதங்களிலும் அணியச் சொல்லுங்கள் அண்ணா. தூத்துக்குடியில் நன்றாக நீந்தினேன் என்பார்கள்.

பதில்: சரியாகச் சொன்னீர்கள் அக்கா. விசிலும் வேண்டும், இருட்டில் போனால் வெள்ளை விளக்கும். ஃபிஷர்ஸ் ஐலண்ட் அருகே ‘தி ரேஸ்’ என்ற இடத்தில் நீரோட்டம் மிகக் கடுமை. முதல் ஆண்டில் அந்தத் திசையே வேண்டாம். கரையோரப் பாறைகளிலேயே ஸ்கப், பிளாக் ஸீ பாஸ் மீன்கள் கிடைக்கும். இரண்டாவது நம் களவாவுக்குத் தூரத்துச் சொந்தம், குழம்புக்கு அருமை.

கடைசியாக, வாங்குவதற்கு முன்னால் வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள், தம்பி. பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பால்கனியில் கயாக் வைக்க விடமாட்டார்கள். கராஜ் இல்லையென்றால் காற்றடிக்கும் கயாக்கே போதும். டிக்கியில் அடங்கிவிடும், கூரையில் கம்பி பொருத்தவும் வேண்டாம். மின்மோட்டார் மாட்டும் எண்ணம் வந்தால் அதைப் படகாகப் பதிவு செய்ய வேண்டும், உங்களுக்குப் படகோட்டும் சான்றிதழும் வேண்டும். மிதியாலோ துடுப்பாலோ ஓட்டினால் இரண்டும் தேவையில்லை.