குழு உறுப்பினர் லொறியில் அடிபட்டு இறந்துவிட்டார்: சைக்கிள் குழுவாக நாங்கள் எதை முதலில் செய்வது?

பின்விளக்கு:

அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் எப்பிங் காட்டுப் பக்கம் ஓடுகின்ற கிழக்கு லண்டன் சைக்கிள் குழு ஒன்றைச் சேர்ந்தவன் நான். எங்களோடு நெடுங்காலம் ஓடிய நண்பர் ஒருவர் கடந்த வாரம் வேலைக்குப் போகும் வழியில், சந்தியில் இடப்பக்கம் திரும்பிய கட்டுமான லொறியின் கீழ் அகப்பட்டு அந்த இடத்திலேயே உயிரிழந்தார். மனைவியும் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிரேத பரிசோதனை முடியாததால் உடல் இன்னும் கையளிக்கப்படவில்லை. செத்தவீட்டுக்கு நாள் குறிக்கவும் முடியவில்லை.

குழுவுக்குள் கருத்து இரண்டுபட்டிருக்கிறது. உடனடியாக வெள்ளைச் சைக்கிள் ஒன்றை அங்கே கட்டி, வரும் வெள்ளிக்கிழமை வீதியை மறித்துப் படுக்க வேண்டும் என்கிறார்கள் இளையவர்கள். சடங்குகள் முடியும்வரை வாய் திறக்கக் கூடாது என்கிறார்கள் மூத்தவர்கள். இதற்கிடையில் ஒருவர் சாரதியின் பெயரைக் கண்டுபிடித்து முகநூலில் போட்டுவிட்டார். இப்படியான இழப்பைச் சந்தித்த குழுக்கள் என்ன செய்தன, அவற்றால் ஏதாவது மாறியதா என்று அனுபவமுள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

சங்கிலிச்சில்லு:

ஆழ்ந்த அனுதாபங்கள், தம்பி. வெள்ளைச் சைக்கிள் வைக்கும் வழக்கம் 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. ஓடாத பழைய சைக்கிள் ஒன்றை எடுத்து, களவு போகக்கூடிய பாகங்களைக் கழற்றி, ரயர், சங்கிலி உட்பட எல்லாவற்றுக்கும் வெள்ளை பூசி, விபத்து நடந்த இடத்துக்கு அருகிலுள்ள கம்பத்தில் பூட்டுவார்கள். வேலை ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும்; அனுமதிதான் சிக்கலானது. நகரசபையின் அனுமதியைச் சொல்லவில்லை, அந்தக் குடும்பத்தின் சம்மதத்தைச் சொல்கிறேன். அந்தச் சந்தி பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் பாதையில் இருந்தால் அவர்கள் தினமும் காலையில் அதைக் கடந்து போக வேண்டியிருக்கும். சில குடும்பங்களுக்கு அது ஆறுதல், சில குடும்பங்களுக்கு வேதனை. மனைவியிடம் நேரே போய்க் கேட்காமல், உறவினர் ஒருவர் ஊடாகவோ, பொலிஸார் நியமித்திருக்கும் குடும்பத் தொடர்பு அதிகாரி ஊடாகவோ கேளுங்கள்.

கம்பத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தடையின்றிப் போக இடம் விடுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு காய்ந்த பூக்களை யார் அகற்றுவது என்பதையும் இப்போதே பேசி முடியுங்கள், ஏனென்றால் கவனிப்பாரின்றித் துருப்பிடித்து நிற்கும் வெள்ளைச் சைக்கிள் பார்ப்பவர்களுக்கு வேறு கதை சொல்லும்.

வெள்ளிக்கிழமைக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டுமென்றால் மௌன ஓட்டம் ஒன்றை யோசியுங்கள். பஸ்ஸின் கண்ணாடி அடித்து ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து 2003இல் டலஸ் நகரில் ஆரம்பித்த அந்த ஓட்டம் இப்போது மே மாதத்தில் ஒரு புதன்கிழமை பல நாடுகளில் நடக்கிறது. மணிக்கு 12 மைலுக்கு மேல் போவதில்லை, எவரும் பேசுவதில்லை, கையில் கறுப்புப் பட்டி கட்டியிருப்பார்கள். மூத்தவர்களும் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நீலக்கோடு:

அந்த முகநூல் பதிவை இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். சாரதி கைது செய்யப்பட்டிருந்தால் வழக்கு நடப்பில் இருப்பதாகவே 1981ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் கருதும். ஆத்திரத்தில் எழுதிய நாலு வரியை நாளைக்கு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தூக்கிப் பிடித்து, நியாயமான விசாரணைக்கு இடமில்லை என்று வாதிட்டால் பாதிக்கப்படப் போவது அந்தக் குடும்பம்தான். எவரிடமாவது கமராக் காட்சி இருந்தால் அது பொலிஸுக்குப் போகட்டும், வாட்ஸ்அப்புக்கு வேண்டாம்.

ஏதாவது மாறியதா என்ற கேள்விக்கு, கிழக்கு லண்டனிலுள்ள போ (Bow) சுற்றுவட்டத்தின் கதையைச் சொல்லலாம். 2011ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், மூன்று வாரங்களுக்குள் இரண்டு சைக்கிளோட்டிகள் அங்கே லொறிகளில் அடிபட்டு இறந்தார்கள். அவ்வழியே போன இரண்டாம் இலக்க சைக்கிள் பெருவழி அப்போது பெரும்பாலும் தரையில் பூசிய நீல நிறம் மட்டும்தான். மரண விசாரணை அதிகாரி மேரி ஹாசல் 2013 ஒக்ரோபரில், அந்த நீலப்பட்டை சைக்கிளோட்டிகளுக்குப் பொய்யான பாதுகாப்புணர்வைத் தருகிறது என்று லண்டன் போக்குவரத்து நிறுவனத்துக்கு எழுதினார். பின்னர் போவிலிருந்து ஓல்ட்கேற் வரையான பாதை கல் கட்டிப் பிரிக்கப்பட்ட தடமாக மாற்றப்பட்டு 2016இல் முடிந்தது. வருங்கால மரணங்களைத் தடுப்பதற்கான இத்தகைய அறிக்கையைப் பெறும் அமைப்பு 56 நாட்களுக்குள் பதில் எழுதியாக வேண்டும். ஆகவே வீதியில் எவ்வளவு சத்தம் போட்டாலும், மரண விசாரணை நடக்கும் நாளில் மண்டபத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க உங்கள் குழுவில் இருவரையாவது ஒதுக்கி வையுங்கள். குற்றவியல் வழக்கு இருந்தால் அந்த விசாரணை ஒத்திவைக்கப்படும், வருடக்கணக்கிலும் இழுபடலாம்.

மட்காட்:

நீலக்கோடு அண்ணா சொன்னதில் பாதியை மட்டும்தான் ஏற்கிறேன். ஹாசல் எழுதியது ஒக்ரோபரில். அடுத்த மாதமே, அதே சுற்றுவட்டத்தில் மூன்றாவது ஆள் இறந்தார். அந்த நவம்பரில் இரண்டு வாரங்களுக்குள் லண்டனில் ஆறு சைக்கிளோட்டிகள் போய்ச் சேர்ந்தார்கள். கடிதம் மேசையில் இருந்தது, லொறி வீதியில் இருந்தது. நவம்பர் 29ஆம் திகதி மாலை பிளாக்ஃபிரையர்ஸ் வீதியில் போக்குவரத்து நிறுவனத்தின் தலைமையகத்துக்கு முன்னால் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சைக்கிள்களோடு குளிரில் தரையில் படுத்தபோதுதான் தொலைக்காட்சிகள் திரும்பிப் பார்த்தன. ஆறாவது மரணத்துக்கும் அதற்கும் இடையில் 11 நாட்கள். மூன்று மாதம் பொறுத்திருந்தால் எவரும் வந்திருக்க மாட்டார்கள்.

கோரிக்கை இல்லாமல் படுப்பதில் பயனில்லை என்பதையும் சொல்லவேண்டும். 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளுக்கு, சாரதி இருக்கையிலிருந்து எவ்வளவு தெரிகிறது என்பதை நட்சத்திரக் கணக்கில் மதிப்பிட்டு அனுமதி கொடுக்கும் விதி 2021 மார்ச் முதல் லண்டனில் அமுலில் இருக்கிறது. 2024 ஒக்ரோபரில் குறைந்தபட்ச மதிப்பு ஒன்றிலிருந்து மூன்று நட்சத்திரமாக உயர்ந்தது. அதற்குக் குறைந்த லொறிகள் கமராவும் உணரிகளும் பூட்டியிருக்க வேண்டும். உங்கள் நண்பரை இடித்த லொறிக்கு எத்தனை நட்சத்திரம், அந்த உணரிகள் வேலை செய்தனவா என்று குடும்பத்தின் வழக்கறிஞர் மூலம் கேளுங்கள்.

மல்லிகைப்பந்தல்:

என் கணவர் இதேபோல்தான் போனார், ஆகவே குடும்பத்தின் பக்கமிருந்து எழுதுகிறேன். அவருடைய சைக்கிளைப் பொலிஸார் சான்றுப்பொருளாக வைத்திருந்து பிறகு ஒருநாள், வந்து எடுத்துப்போங்கள் என்றார்கள். நெளிந்த சில்லும், கைப்பிடியில் அவர் சுற்றிய ரேப்பும் அப்படியே இருந்தன. உங்கள் நண்பரின் சைக்கிளை எடுக்க அவருடைய மனைவியை அனுப்பாதீர்கள், நீங்கள் போங்கள். சைக்கிள் ஓட்டங்களைப் பதியும் ஸ்ராவா செயலியில் அவர் இருந்தால், அந்தக் கணக்கில் எவரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைய பதிவு சான்றாகவும் தேவைப்படலாம்.

"ஹெல்மெட் போட்டிருந்தவரோ?" என்று செத்தவீட்டில் கேட்கப் பலர் வருவார்கள். அவர்களை வாசலிலேயே மறிக்க உங்களில் ஒருவர் நிற்பது ஆயிரம் மலர்வளையத்துக்குச் சமம். எட்டுச்செலவு வரைக்கும் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். அந்தியேட்டி முடிந்ததும் எல்லோரும் போய்விடுவார்கள், அப்போது வாருங்கள். வீதியில் உறவை இழந்தவர்களுக்காகவே 1992 முதல் இயங்கும் ரோட்பீஸ் தொண்டு நிறுவனத்தின் தொடர்பையும் அந்தத் தங்கச்சிக்குக் கொடுங்கள். நவம்பர் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை வரும் உலக நினைவு நாளும் அவர்கள் தொடங்கியதுதான். அங்கே போனபோதுதான் என் கதையை விளக்கம் சொல்லாமல் கதைக்க எனக்கு ஆட்கள் கிடைத்தார்கள்.

பின்விளக்கு:

எல்லோருக்கும் மிக்க நன்றி. முகநூல் பதிவு நீக்கப்பட்டுவிட்டது. அவருடைய மைத்துனரிடம் பேசினோம். மௌன ஓட்டத்துக்குக் குடும்பம் சம்மதம், வெள்ளைச் சைக்கிளைப் பற்றி அந்தியேட்டிக்குப் பிறகு சொல்வதாக அவருடைய மனைவி சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை நாங்கள் படுக்கவில்லை. ஆனால் மட்காட் சொன்ன காரணத்துக்காகவே, அந்தச் சந்தியில் இடப்பக்கம் திரும்பும் வாகனங்களுக்குத் தனிச் சமிக்ஞை கேட்டு ஓட்டத்தின் முடிவில் கையெழுத்து வாங்கப் போகிறோம். சந்தியின் ஒரு கை நகரசபைக்கும் மற்றவை போக்குவரத்து நிறுவனத்துக்கும் உரியவை என்று தெரிகிறது. இப்படி இரண்டு பொறுப்பாளர்கள் இருக்கும் இடத்தில் மனுவை யாருக்கு முகவரியிடுவது என்று தெரிந்தவர்கள் வியாழனுக்குள் எழுதினால் நல்லது.