பழைய பாணி ஃபேன்டஸி ஆர்பிஜி (ஆளுக்கொரு கதாபாத்திரமா உக்காந்து பேசி ஆடுற கேம்), சொந்தமா வெளியிடலாமா?

கேள்வி: குகை, புதையல், பொசுக்குனு செத்துப்போற ஹீரோனு ஒரு கேம் எழுதி முடிச்சிட்டேன். ஆர்மர் கிளாஸ் (அடி படாம தப்பிக்கிற அளவு), ஹிட் பாயின்ட் (உயிர் அளவு) எல்லாம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கிற பிரபல ஆர்பிஜில இருந்து வந்ததுதானே, காப்பிரைட் பிரச்சனை வருமா?

பதில் 1: ஆடுற முறைக்கு காப்பிரைட் கிடையாதுங்க, எழுதின வாசகத்துக்கும் படத்துக்கும்தான். 2023 ஜனவரில டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் லைசன்ஸ் பத்தி சண்டை பெருசா நடந்து, கடைசில அத வெளியிடுற கம்பெனிக்காரங்க அதோட அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1 ஐ கிரியேட்டிவ் காமன்ஸ்ங்கிற பொது லைசன்ஸ்ல விட்டுட்டாங்க, அவங்க சொன்ன நன்றி வரிய போட்டா அதுலேர்ந்து எடுத்துக்கலாம், விக்கவும் செய்யலாம். பிஹோல்டர் மாதிரி அவங்க சொந்த பூதத்த மட்டும் தொடாதீங்க.

பதில் 2: முதல்ல பிடிஎஃப்பா டிரைவ்த்ரூஆர்பிஜிங்கிற ஆன்லைன் கடைல போடு மச்சி. அச்சடிச்சு பின் அடிக்கிறதா இருந்தா பக்கம் நாலால வகுபடணும், நான் 46 பக்கம் கொண்டுபோய் பிரஸ்காரர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

பதில் 3: அதுக்கு முன்னாடி நீங்க இல்லாம வேற யாராச்சும் அந்த புக்க மட்டும் படிச்சு கேம நடத்துறாங்களான்னு பாருங்க.